பட்டியலை ஊர் அறியப் படியுங்கள்: வெள்ள நிவாரணமும் அமானிதமும்

2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்ட முடியாமல் நின்றுபோனது. சுமார் 800 பயணிகள் அதில் இருந்தார்கள். சுற்றிலும் வெள்ளம். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துப் போயிருந்தன. பக்கத்து ஊரான புதுக்குடி மக்கள், தங்கள் வீடுகளிலும் தண்ணீர் புகுந்திருந்த நிலையிலும், இருந்த அரிசியைப் பொங்கி அந்தப் பயணிகளுக்குக் கொடுத்தார்கள். 19ஆம் தேதி மீட்கப்பட்டவர்கள் எங்கள் மணியாச்சி சந்திப்புக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பிவைக்கப்பட்டார்கள். அன்று மணியாச்சியின் பெயர் நாடெங்கும் செய்திகளில் ஒலித்தது.

ரயில் புறப்பட்டதும் கேமராக்களும் புறப்பட்டுவிட்டன. ஆனால் மணியாச்சியிலிருந்து கயத்தாறு, கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வரை விரிந்து கிடக்கும் கரிசல் காட்டில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. அவற்றை மீட்க ரயில் வரவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே நாளில் கோவில்பட்டியிலும் 50 செ.மீ.க்கு மேல் பெய்தது பலருக்கு நினைவில்லை. வானம் பார்த்த பூமி என்று பெயர் வாங்கிய ஊரில் மழையால் அழிவு வந்தது என்றால் வெளியூர்க்காரர் நம்புவதில்லை.

அந்த வெள்ளத்தில் அரசின் உதவித்தொகை யாருக்கு எப்போது போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை, அதை யார் கண்காணித்தார்கள் என்ற கேள்விகள் இன்னும் பழையதாகிவிடவில்லை. அடுத்த மழைக்கும் அடுத்த வறட்சிக்கும் இதே கேள்விகள்தாம் காத்திருக்கின்றன.

மூன்று கடிகாரங்கள்

அந்த வெள்ளத்தில் நிவாரணம் மூன்று வேகத்தில் நடந்தது.

முதலாவது, வீட்டுக்கான பணம். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாயும், மற்ற வட்டங்களிலும் தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் 1,000 ரூபாயும் மாநில அரசு அறிவித்தது. ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து ரொக்கமாக வழங்கும் ஏற்பாடு. டிசம்பர் இறுதிக்குள் பணம் மக்கள் கைக்கு வரத் தொடங்கிவிட்டது. குறைகள் இருந்தாலும் இந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். நல்லது நடந்தால் நல்லது என்று சொல்வதும் நீதியின் ஒரு பகுதியே.

இரண்டாவது, வயலுக்கான பணம். 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய். இதற்கு வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து கணக்கெடுக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலோடு ஒப்பிட வேண்டும். பட்டியல் வட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் சென்னைக்கும் போய், அரசாணையாகித் திரும்ப வேண்டும். இந்தக் கடிகாரத்தின் முள் மாதக் கணக்கில்தான் நகரும்.

மூன்றாவது, டெல்லிக் கடிகாரம். மாநிலப் பேரிடர் நிதியில் நான்கில் மூன்று பங்கு ஒன்றிய அரசுடையது, ஒரு பங்கு மாநில அரசுடையது. அந்த நிதியாண்டில் ஒன்றியப் பங்காக 900 கோடி ரூபாய் இரண்டு தவணைகளில் தமிழகத்துக்கு வழங்கப்பட்டதாக ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அப்போது சொன்னார். அது ஆண்டுதோறும் வழக்கமாக வரும் தொகை. அதற்கு மேல் தேசியப் பேரிடர் நிதியிலிருந்து பெற வேண்டுமென்றால், பல அமைச்சகங்களின் குழு நேரில் வந்து பார்த்து, அதன் அறிக்கை உயர்நிலைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்துத் தமிழகம் கேட்டது சுமார் 37,900 கோடி ரூபாய். 2024 ஏப்ரல் இறுதியில் விடுவிக்கப்பட்டது 276 கோடி. அதற்குள் தமிழக அரசு அரசியல் சாசனத்தின் 131ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கே போயிருந்தது. கர்நாடக அரசும் தன் வறட்சிக்கு 18,000 கோடிக்கு மேல் கேட்டு இதே போலப் போனது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான் அங்கு 3,400 கோடிக்கு மேல் விடுவிக்கப்பட்டது.

கேட்ட தொகை அதிகமா, கொடுத்த தொகை குறைவா என்று கட்சிக்காரர்கள் வாதாடட்டும். குடிமகனின் கேள்வி வேறு. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இல் வந்தது. பாதிக்கப்பட்டோருக்குக் குறைந்தபட்ச நிவாரணம் என்ன என்பதை வகுக்க வேண்டும் என்று அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு மாநில அரசே தன் பங்குக்காக நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது என்றால், இரண்டு ஏக்கர் கரிசல் வைத்திருப்பவர் எந்தப் படியேறுவார்?

கரிசல் மண்ணின் சாட்சி

தாமதம் எல்லா ஊரிலும் ஒரே அளவு வலிப்பதில்லை. கரிசலில் அது எப்படி வலிக்கிறது என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும்.

புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த உளுந்தும் பாசியும் மார்கழித் தொடக்கத்தில் நெற்றாகி நிற்கும். மக்காச்சோளம் கதிர் பிடித்திருக்கும். அந்த நேரத்தில் வெள்ளம் நின்றால் நெற்றுக்குள்ளேயே பயறு முளைத்துவிடும், அல்லது அழுகிவிடும். கரிசல் மண் ஈரத்தை எளிதில் விடாது. தண்ணீர் வடிந்த பிறகும் பல நாட்களுக்குக் காட்டில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். கணக்கெடுக்க வரும் அலுவலர் சாலையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு கிராம நிர்வாக அலுவலர் சில நாட்களில் எத்தனை நூறு வயல்களில் இறங்க முடியும்?

பிறகு மண் காயத் தொடங்கும்போது விவசாயிக்கு ஒரு சோதனை வருகிறது. அந்த ஈரத்தை விட்டுவிட்டால் இந்த ஆண்டுக்கு வேறு ஈரம் இல்லை. உடனே உழுது மாட்டுக்குத் தீவனச் சோளமாவது விதைத்தால்தான் வீட்டுக்கு ஏதாவது மிஞ்சும். ஆனால் உழுதுவிட்டால் அழிந்த பயிர் என்ற சாட்சியும் மண்ணோடு போய்விடும். அப்புறம் வரும் அலுவலர், “இங்கே சேதம் எதுவும் தெரியவில்லையே” என்பார். ஆக, நிவாரணத்துக்காகக் காத்திருந்தால் விதைப்புப் போகும். விதைத்தால் நிவாரணம் போகும். தாமதத்தின் உண்மையான விலை இதுதான். எந்த அரசாணையிலும் இதற்கு ஒரு பத்தி கிடையாது.

தொகையையும் பாருங்கள். ஹெக்டேருக்கு 8,500 என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 3,440 ரூபாய். உச்சவரம்பு இரண்டு ஹெக்டேர். எத்தனை ஏக்கர் அழிந்தாலும் மானாவாரி விவசாயிக்கு 17,000 ரூபாய்க்கு மேல் இந்தக் கணக்கில் கிடையாது. இந்த விகிதங்கள் 2022 முதல் 2026 மார்ச் வரையிலான காலத்துக்காக ஒன்றிய உள்துறை வகுத்தவை. விதை, உரம், டிராக்டர் வாடகை, களையெடுப்புக் கூலி ஆகியவற்றின் இன்றைய விலையோடு ஒப்பிட்டு இவை திருத்தப்பட வேண்டும் என்ற கோரிக்கை, அடுத்த காலத்துக்கான விகிதங்களில் எதிரொலிக்க வேண்டும்.

கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

6,000க்கும் 1,000க்கும் நடுவே ஓடிய கோடு வட்ட எல்லையை ஒட்டி வகுக்கப்பட்டது. மழைக்கு வட்டாட்சியர் அலுவலகத்தின் வரைபடம் தெரியாது. ஒரே ஓடையின் இரு கரையில் இருக்கும் இரு குடும்பங்களுக்கு, நனைந்த அரிசி ஒன்றாக இருந்தும் தொகை வேறாக இருந்தால் மனம் கசக்கத்தான் செய்யும். அவசரத்தில் பெரிய கோடு போடுவது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆனால் போட்ட கோட்டை வருவாய்க் கிராம அளவில் மறுபடி சரிபார்க்கும் வழி, நாள் குறிப்பிட்டு, முதல் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும்.

அடுத்து, குத்தகைக்காரர். கரிசலில் நிலம் ஒருவர் பெயரிலும் உழைப்பு இன்னொருவர் கையிலும் இருப்பது சாதாரணம். பட்டாதாரர் சென்னையிலோ திருப்பூரிலோ இருப்பார். வாய்ப்பேச்சில் குத்தகை. நிவாரணம் பட்டாவையும் அடங்கலையும் தேடிப் போகிறது. விதைத்து நஷ்டப்பட்டவர் பெயர் அந்தத் தாளில் இல்லை. ஜும்ஆ முடிந்து மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்து உட்காருகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் உண்டு. “ஹஸ்ரத், நான் விதைச்சது ஊருக்கே தெரியும். ஆபீசுக்குத்தான் தெரியல” என்றார் ஒருவர். அந்த ஒரு வாக்கியத்தில் நோயும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. ஊருக்குத் தெரிந்ததை அலுவலகம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு முறை வேண்டும்.

ஆடு வளர்ப்போர் நிலையும் இதுவே. ஆட்டுக்கு 4,000 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு 30 ஆடுகள் வரை என்று விதி இருக்கிறது. செத்த ஆட்டுக்குக் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். வெள்ளம் அடித்துக்கொண்டு போன ஆட்டுக்கு உடலும் இல்லை, சான்றும் இல்லை. கிடை போட்டவருக்கும் நிலக்காரருக்கும் அது எத்தனை ஆடு என்பது தெரியும். அவர்களை யாரும் கேட்பதில்லை.

வேகமும் கண்காணிப்பும் பகையா?

“வேகமாகக் கொடுத்தால் போலிகள் புகுந்துவிடுவார்கள். சரிபார்த்துக் கொடுத்தால் தாமதமாகும்.” அலுவலகங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பதில் இது. இந்தப் பதில் சரியில்லை என்பதை நம் நாட்டு உச்ச நீதிமன்றமே செயலில் காட்டியிருக்கிறது.

கொரோனாவில் இறந்தோரின் குடும்பங்களுக்கு உதவித்தொகை தருவது, மேலே சொன்ன 12ஆம் பிரிவின்படி அரசின் கடமை என்று 2021 ஜூன் 30 அன்று அது தீர்ப்பளித்தது. தொகை 50,000 ரூபாய் என்று பிறகு முடிவானது. அக்டோபரில் வந்த உத்தரவின் நிபந்தனைகள் கவனிக்கத் தக்கவை. மனு வந்த 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று எழுதப்படவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது. மாவட்டந்தோறும் குறைதீர் குழு இருக்க வேண்டும். 2022 ஜனவரியில் தாமதம் செய்த மாநிலங்களை நீதிமன்றம் கண்டித்தது. விடுபட்ட குடும்பங்களைத் தேடிச் செல்லும் பணியில் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களையும் இணைத்தது.

போலி மனுக்கள் வருவதாகப் புகார் எழுந்தபோது நீதிமன்றம் என்ன செய்தது? எல்லோருக்குமான பணத்தை நிறுத்தவில்லை. 2022 மார்ச்சில் ஆந்திரா, குஜராத், கேரளா, மகாராஷ்டிரா ஆகிய நான்கு மாநிலங்களின் மனுக்களில் 5 விழுக்காட்டை எடுத்துச் சரிபார்க்க ஒன்றிய அரசுக்கு அனுமதி தந்தது. மனு செய்யக் கெடு நாளையும் வகுத்தது. முதலில் நம்பிக் கொடு, பிறகு மாதிரி எடுத்துச் சோதி, பொய் சொன்னவரைப் பிடி என்பதே அதன் வழி. ஒருவர் பொய் சொல்லக்கூடும் என்பதற்காக நூறு பேரைப் பட்டினி போடும் வழியை அது ஏற்கவில்லை.

2024 ஜூலையில் வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டபோது கேரள உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. மாநிலப் பேரிடர் நிதியில் எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவைச் செலவிட முடியும் என்று அரசிடம் கணக்குக் கேட்டது. நிதி இருக்கிறது, இல்லை என்று இரு அரசுகளும் மாறி மாறிச் சொல்லும்போது, கணக்கைத் திறந்து வை என்று சொல்ல ஒரு மூன்றாவது கை தேவைப்படுகிறது.

சாம்பல் ஆண்டில் உமர் (ரலி)

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் அரபு நாட்டில் மழை பொய்த்தது. காற்று அள்ளி வந்த மண் சாம்பல் போல இருந்ததால் அதற்கு ஆமுர் ரமாதா, சாம்பல் ஆண்டு, என்று பெயர் வந்தது. கிராமத்து மக்கள் கூட்டம் கூட்டமாக மதீனாவைத் தேடி வந்தார்கள். அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் நெய்யையும் இறைச்சியையும் விட்டு எண்ணெயோடு காலம் கழித்ததை நம் பயான்களில் அடிக்கடி சொல்கிறோம். அவர்களுடைய நிர்வாகத்தைப் பற்றிச் சொல்வது குறைவு.

இப்னு ஸஅதின் தபகாத் நூல் தரும் விவரங்களைப் பாருங்கள். எகிப்துக்கும் ஷாமுக்கும் உடனே கடிதம் போனது. அங்கிருந்து தானியமும் மாவும் துணியும் வந்தன. மதீனாவைச் சுற்றித் தங்கியிருந்த மக்களுக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் பொறுப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்கள் மாலைதோறும் கலீஃபாவிடம் கூடி, அன்று நடந்ததைத் தெரிவித்தார்கள். பந்திக்கு வருகிறவர்களை எண்ணச் சொன்னார்கள். அதோடு நிற்காமல், நோயாளிகள், குழந்தைகள் என்று பந்திக்கு வர முடியாமல் இருப்பவர்களையும் எண்ணச் சொன்னார்கள். வர முடிந்தவர்கள் 7,000 பேர், வர முடியாதவர்கள் 40,000 பேர் என்று கணக்கு வந்தது. அவர்களுக்கு உணவு இருக்கும் இடத்துக்கே போனது. அந்த ஆண்டு ஜகாத் வசூலும் தள்ளிவைக்கப்பட்டது.

வரிசையில் நின்றவர்களை மட்டும் எண்ணியிருந்தால் பெரும்பாலோர் கணக்கில் வந்திருக்க மாட்டார்கள். நம் ரேஷன் கடை வரிசைக்கும் இது பொருந்தும். வரிசையில் நிற்க முடியாத முதியவர், அட்டையில் பெயர் நீக்கப்பட்ட விதவை, தீப்பெட்டிக் கம்பெனி வேலைக்கு வந்து வாடகை வீட்டில் இருக்கும் வெளியூர்க் குடும்பம் ஆகியோரை எண்ண ஒருவர் வேண்டும்.

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:58). ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்துச் சொன்னபோது, நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்த செய்தி புகாரியில் இருக்கிறது. தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. பட்டியலில் பெயர் சேர்க்க “செலவுக்கு” வாங்குகிற ஒவ்வொரு கைக்கும் இந்தக் கேள்வி உரியது. இதில் இன்னொரு பாடமும் உண்டு. அந்தக் கண்டிப்பு தனியறையில் நடக்கவில்லை. மக்கள் முன்னிலையில் நடந்தது.

என்ன செய்யலாம்?

பெரிய சட்டத் திருத்தம் இல்லாமலே செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

ஒன்று, பட்டியலை ஊர் அறியப் படிக்க வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கிய 2005ஆம் ஆண்டுச் சட்டமே சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. கிராம சபை கூடி, யார் வேலை செய்தார், யாருக்குக் கூலி போனது என்று கேட்கும் பழக்கம் நம் ஊராட்சிகளுக்குப் புதிதல்ல. பயிர் நிவாரணப் பட்டியலையும் அதேபோல், மேலே அனுப்புவதற்கு முன்பே, சிறப்புக் கிராம சபையில் பெயர், சர்வே எண், பயிர், பரப்பு என்று வாசிக்க வேண்டும். விதைக்காத நிலத்துக்குப் பணம் கேட்பவர் ஊர் முன்னால் எழுந்து நிற்கத் தயங்குவார். விதைத்த குத்தகைக்காரருக்கு ஊரே சாட்சி சொல்லும். பல மாதம் பிடிக்கும் சரிபார்ப்பை ஒரு மாலை நேரத்தில் முடித்துவிடலாம்.

இரண்டு, படத்தைச் சாட்சியாக ஏற்க வேண்டும். வயலில் நின்று, இடமும் நேரமும் பதிவாகும்படி எடுத்த கைபேசிப் படத்தை ஏற்று விவசாயியை உழ விட வேண்டும். இதற்கு ஒரு வரி அரசாணை போதும். பயிர்க் காப்பீட்டில் தனி வயல் இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. மின்சாரமும் சிக்னலும் போன நாட்களை அந்தக் கெடுவிலிருந்து கழிக்க வேண்டும்.

மூன்று, பணம் போகும் வழி. 6,000 ரூபாயை வங்கிக் கணக்கில் போடாமல் ஏன் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. வங்கியும் ஏடிஎம்மும் தண்ணீரில் கிடக்கும் வாரத்தில் ரொக்கமே சரி. பயிர்த் தொகை வங்கி வழியாகப் போகலாம். ஆனால் பழைய கடனுக்காகவோ குறைந்தபட்ச இருப்புக்காகவோ அதில் ஒரு ரூபாயும் பிடிக்கப்படாது என்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும்.

நான்கு, மறுத்தால் எழுத்தில் மறுக்க வேண்டும். காரணம், தேதி, யாரிடம் மேல்முறையீடு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். “லிஸ்ட்ல பேர் இல்ல” என்பது பதிலாகாது.

நம் ஜமாஅத்கள்

அரசைக் கேட்குமுன் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த வெள்ளத்தில் நம் ஜமாஅத்களும் அமைப்புகளும் மதம் பார்க்காமல் ஓடிச் சென்று உணவும் துணியும் கொடுத்தன. அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. வசூலான தொகை எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதி எங்கே என்று பள்ளிவாசல் பலகையில் ஒட்டிய ஜமாஅத்கள் எத்தனை? நாம் ஒட்டாத கணக்கை ஊராட்சி ஒட்ட வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது?

அதோடு ஒரு வேலையையும் நாம் எடுத்துக்கொள்ளலாம். மஹல்லாவில் படித்த இளைஞர்கள் நான்கு பேர், மழைக்காலத்துக்கு முன்பே, குடும்ப அட்டை, பட்டா, வாய்மொழிக் குத்தகை, ஆடு மாடு எண்ணிக்கை என்று ஒரு குறிப்பேடு தயாரிக்கட்டும். நம் தெரு, பக்கத்துத் தெரு என்று பிரிக்காமல் ஊர் முழுவதற்கும் தயாரிக்கட்டும். வர முடியாதவர்களையும் எண்ணச் சொன்ன உமர் (ரலி) அவர்களின் வழி அதுதான். குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுக்க அதைவிட வலுவான மனு கிடையாது.

புதுக்குடி மக்கள் அன்று ரயிலில் இருந்தவர்களிடம் சான்றிதழ் கேட்கவில்லை. பசித்தவரைப் பார்த்தார்கள், பொங்கிப் போட்டார்கள். அரசால் அப்படியே நடக்க முடியாது. அதற்கு ஏடும் கணக்கும் வேண்டும். அந்த ஏட்டை ஊர் நடுவில் திறந்து வைத்தால் போதும், மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும்.

வல்ல அல்லாஹ் நம் நிலங்களுக்குப் பயனுள்ள மழையைத் தருவானாக. பொறுப்பில் இருப்பவர்களுக்கு அமானிதத்தின் பாரத்தை உணர்த்துவானாக. ஆமீன்.